கழுத்துக் கத்திக்குப் புதிய பிடியும் உறையும் கயிறும்

கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும் சிறிய கத்தி ஒன்றைத் தோப்பு வேலைக்கு ஏற்றபடி மாற்றியமைக்கும் வேலையைக் கோடையில் தொடங்கி, ஆடிக் காற்று அடங்கும் தறுவாயில் முடித்திருக்கிறேன். கத்தியின் அலகில் நான் கைவைத்தது குறைவு. பிடி, உறை, கயிறு, கயிற்றை இணைக்கும் கொக்கி ஆகிய நான்கும்தான் மாறின. இந்த நான்கையும் தனித்தனியாக நல்ல பொருளாகப் பார்த்து வாங்கிச் சேர்த்தால் போதும் என்ற எண்ணம் செல்லுபடியாகவில்லை. உறை கத்தியைப் பிடித்துக்கொள்ளும் இறுக்கமும், கொக்கி விட்டுக்கொடுக்கும் இழுவையும் ஒன்றையொன்று பார்த்து அமைந்தால்தான் கழுத்துக் கத்தி பாதுகாப்பாக இருக்கும் என்பது இந்த வேலையில் தெரிந்துகொண்ட முக்கியமான செய்தி. ஆகவே எடை, இழுவை, கனம் எல்லாவற்றையும் அளந்த அளவோடு எழுதுகிறேன்.

எங்கள் தோப்பு காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போகும் பக்கத்தில், செம்மண் பூமியில் இருக்கிறது. தென்னை, கொஞ்சம் மா, கிணற்றை ஒட்டி வாழை. சொட்டுநீர்க் குழாயை வெட்டுவது, உரமூட்டையின் தையலைப் பிரிப்பது, வாழைச் சருகை அறுப்பது, பந்தலுக்குக் கயிறு நறுக்குவது என்று நாள் முழுவதும் கத்தி கைக்கு வேண்டியிருக்கிறது. கைலியில் பை கிடையாது. இடுப்பில் செருகினால் குனியும்போது முனை தொடையைத் தேடுகிறது. மடியில் கட்டினால் எடுப்பதற்குள் வேலை ஆறிப்போகிறது. கழுத்தில் மாட்டும் கத்தி இந்த ஊர் உடைக்குப் பொருத்தமானது என்று எனக்குத் தோன்றியது அதனால்தான். மாவில் ஒட்டுக்கட்டுவதற்கு இது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், 4 மி.மீ. கனமுள்ள அலகு இளந்தண்டைச் சீவாமல் பிளந்துவிடும், அதற்கு மெல்லிய ஒட்டுக்கத்தி தனியாக வைத்திருக்கிறேன்.

வாங்கிய கத்தி மடங்காத வகை, ஒரே எஃகுத் தகட்டில் வெட்டியது. அலகு 68 மி.மீ., மொத்த நீளம் 158 மி.மீ., எடை 62 கிராம். பிடிப் பகுதியில் எடையைக் குறைப்பதற்காகத் துளைகள் இட்ட வெறும் எலும்புக்கூடுதான் இருந்தது. எஃகு 1095 வகை. கரிமம் ஏறத்தாழ 0.95 சதவீதம் கொண்ட இந்த எஃகு எளிதில் கூர்மை ஏறும், ஆனால் துருவைத் தடுக்கும் குரோமியம் இதில் சேர்க்கப்படுவதில்லை. அதற்காக அலகின்மேல் கறுப்புப் பூச்சு இருந்தது. கூடவே வந்த நைலான் உறை தளர்வானது. தொங்கு தராசின் கொக்கியைப் பிடியில் மாட்டி இழுத்துப் பார்த்தபோது 900 கிராமுக்கே கத்தி வெளியே வந்தது. பிடி கீழ்நோக்கித் தொங்கும் கத்திக்கு இது போதாது. வரப்பைத் தாண்டிக் குதித்தாலே கழன்றுவிடும். கயிற்றுக்குப் பதிலாக உருண்டைமணிச் சங்கிலி கொடுத்திருந்தார்கள். சித்திரை வெயிலில் அது கழுத்து மயிரைப் பிடுங்கியதோடு, வியர்வை பட்டுப் பனியனில் பச்சையாகக் கறையும் ஏற்றியது.

முதலில் பிடியைத் தொட்டேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், பிரித்தெடுத்த வீடுகளின் கதவு, தூண், உத்தரம் எல்லாம் விலைக்கு வருகின்றன. முழுச் சாமான் நமக்கு எட்டாது. ஆனால் உடைந்த ஜன்னல் சட்டத்தின் பர்மாத் தேக்குத் துண்டு ஒன்று 60 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு முழ நீளம், இரண்டு விரற்கடை கனம். வெளிப்புறம் சாம்பல் பூத்துக் கிடந்தது. ஹாக்சாவால் குறுக்கே அறுத்தவுடன் உள்ளே தேன்நிறம் வந்தது, தோல் பதனிட்ட வாசனை போன்ற ஒரு நெடியும் எழுந்தது. பழைய ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு மரம் கறுத்திருந்தது. இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டாக்கிய அந்தக் கறுப்பைப் பிடியின் ஒரு பக்கத்தில் வரும்படி வேண்டுமென்றே அமைத்துக்கொண்டேன். பட்டறையில் துண்டுபோட்டுக் கொடுத்த ஆசாரி ஐயா, "தம்பி, ரேகை பிடியோட நீளத்துக்கே ஓடணும், குறுக்க விட்டீங்கன்னா திருகு முடுக்கையிலேயே பிளந்துரும்" என்று சொல்லி, ரேகையைப் பென்சிலால் கோடிட்டும் காட்டினார். அப்படியே அறுத்துக்கொண்டேன். தேக்கில் மணல்தன்மை இருப்பதால் வாள்பல் சீக்கிரம் மழுங்கும் என்று அவர் முன்னதாகவே சொல்லியிருந்தார்; ஹாக்சா பிளேடு இரண்டாவது துண்டிலேயே வழுக்க ஆரம்பித்தது.

பக்கத்துக்கு 5 மி.மீ. கனத்தில் முதல் ஜோடியைச் செய்து, அரால்டைட் பசையால் ஒட்டி, ஒரு இரவு கிளாம்பில் வைத்தேன். கைக்கு நன்றாகத்தான் இருந்தது; மார்பில் தொங்கவிட்டால் 14 மி.மீ. மொத்தக் கனம் சட்டைக்குள் துருத்திக்கொண்டு நின்றது. அதைவிடப் பெரிய சிக்கல் பிறகு உறை செய்யும்போது தெரிந்தது: சூட்டுக் காற்று பட்டதும் பசை இளகி, இடப்பக்க மரம் முன்முனையில் எழும்பிவிட்டது. தேக்கு எண்ணெய்ப்பசை உள்ள மரம் என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோன் நனைத்த துணியால் முகத்தைத் துடைக்க வேண்டும். துடைக்காத மரத்தில் பசை மேலாகவே நிற்கும். துடைத்து ஒட்டியிருந்தாலும் சூட்டுக்குத் தாங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆகவே இரண்டாவது ஜோடியில் பசையை விட்டுவிட்டு, துருப்பிடிக்காத எஃகில் செய்த சிறிய திருகும் அதற்கு எதிர்முனைக் குழல்நட்டும் வாங்கினேன். கனத்தைப் பக்கத்துக்கு 3.5 மி.மீ. ஆகக் குறைத்தேன், மொத்தம் 11 மி.மீ. ஆயிற்று. திருகுத்தலை அமர 1.5 மி.மீ. பள்ளம் தோண்டினால் அடியில் 2 மி.மீ. மரம் மிஞ்சுகிறது, அது போதுமானதாக இருக்கிறது. குழல்நட்டின் நீளம் கூடுதலாக இருந்ததால் அரத்தால் தேய்த்துக் குறைத்தேன். இரண்டு மரத்துண்டையும் இரட்டைப்பக்க நாடாவால் ஒன்றோடொன்று ஒட்டிவைத்து ஒரே தடவையில் துளையிட்டால்தான் துளைகள் நேர்கோட்டில் வரும். டிரில் மெஷினைக் கையில் பிடித்துத் தனித்தனியாகத் துளைத்தால் அரை மி.மீ. விலகலில் திருகு ஏறாது.

விளிம்புகளை 120, 220, 400 எண் உப்புத்தாளில் வரிசையாகத் தேய்த்தேன். சுண்டுவிரல் படும் இடத்தில் சிறிது பள்ளம் கொடுத்தேன், ஏனென்றால் பிடி சிறியது, மூன்று விரலுக்குமேல் இடமில்லை. பூச்சுக்குத் தேங்காயெண்ணெய் கூடாது. அது உலராது, கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றில் இறுகும் தன்மையுடையது. மெல்லிதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முழுவதும் உலர்ந்த பிறகு அடுத்தது. அந்த எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடக் கூடாது. இறுகும்போது சூடு பிறப்பதால் சுருட்டிய துணி தானே தீப்பற்றக்கூடும். விரித்துக் கொடியில் காயப்போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும்.

அலகின் கறுப்புப் பூச்சை எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. உறைக்குள் போய்வந்த இடங்களில் அது திட்டுத்திட்டாக உரிந்து, உரிந்த இடத்தில் துரு ஏறியதால் முழுவதும் எடுத்துவிட்டேன். கிரைண்டரில் பிடிக்காமல் பெயிண்ட் நீக்கி தடவிக் கையால் தேய்த்தேன். கிரைண்டர் சூட்டில் அலகின் பதம் இறங்கிவிட்டால் மறுபடி அதைக் கொண்டுவர வீட்டில் வழியில்லை. பிறகு கடுக்காய் வைத்தியம் செய்தேன். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பார்கள். அதே கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் நீலக்கறுப்பாகப் படியும். நாட்டு மருந்துக் கடையில் 20 ரூபாய்க்கு வாங்கிய கடுக்காயை இடித்து, கொட்டையை நீக்கி, அரை லிட்டர் தண்ணீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டினேன். அலகைச் சோப்பும் பிறகு அசிட்டோனும் போட்டுக் கழுவினேன். விரல்ரேகை எண்ணெய் ஒட்டியிருந்தால் அந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். வெதுவெதுப்பான வினிகரில் 20 நிமிடம் வைத்ததும் அலகு மங்கிய சாம்பல் நிறமாயிற்று. அதைக் கழுவிவிட்டுக் கடுக்காய்க் கஷாயத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டேன், பாத்திரத்தின் அடியில் படக் கூடாது. கொஞ்ச நேரத்தில் முதுகுப் பக்கம் ஊதா ஏறியது. மறுநாள் காலையில் முழுக் கறுப்பு. எடுத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசினால் புளிப்பு முறியும். துடைத்துச் சூடாகக் காயவைத்து எண்ணெய் தடவினேன். இது துருவை அடியோடு தடுக்காது, தாமதப்படுத்தும். வியர்வை பட்ட நாளில் துடைத்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் உரிந்து திட்டாகாமல், தேய்ந்த இடத்தில் மறுபடி கஷாயம் தடவிச் சரிசெய்துகொள்ள முடிகிறது என்பதால் கடைப் பூச்சைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. வாழைத்தண்டு அறுக்கும்போது அதன் சாறே கறுப்பைப் புதுப்பிக்கிறது.

உறைதான் இந்த வேலையின் நடுப்பகுதி. கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கினால் தோல்போல வளையும், ஆறினால் வளைத்த வடிவத்திலேயே நின்றுவிடும். 2 மி.மீ. கனத்தில் ஒரு அடிச் சதுரத் தகடு 950 ரூபாய் ஆயிற்று, அதில் இந்த அளவில் நான்கு உறைகளாவது செய்யலாம். முதல் உறையை ஒரே தகட்டை மடித்துச் செய்தேன். அதில் தகட்டைச் சேர்த்துப் பிடிக்கும் உலோக வளையங்களான கண்ணிகள் அலகின் கூர்ப்பக்கம் மட்டுமே வரும். இடுப்பு வாருக்கு அது சரி, கழுத்துக்குச் சரியில்லை. கயிறு ஒரு பக்கம் மட்டும் பிடிப்பதால் கத்தி சாய்ந்து தொங்கி, பிடியின் முனை விலாவைக் குத்தியது. அதனால் இரண்டு தகட்டை முன்னும் பின்னும் வைத்து, இரு ஓரமும் கண்ணி அடிக்கும் முறைக்கு மாறினேன். ஒவ்வொன்றும் 110 க்கு 70 மி.மீ. வெட்டினால் ஓரம் சீவுவதற்குத் தாராளமாக இருக்கிறது.

சூடாக்க முதலில் சூட்டுக் காற்றை வீசும் ஹீட்கன்னைப் பயன்படுத்தினேன். உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றை அடியில் வைத்தேன். கண்ணாடியில் வார்க்கப்படும் கல் என்பதால் முகம் வழுவழுப்பாக இருந்து தகட்டில் தடம் பதிக்கவில்லை, சூட்டையும் தாங்கியது. ஆனால் காற்று படும் நடுப்பகுதி கொப்பளிக்க, ஓரம் விறைப்பாகவே நின்றது. பிறகு சமையலுக்குப் பயன்படாத பழைய மின் அடுப்புப் பெட்டியில் 160 டிகிரியில் தகட்டை வைத்தேன். சில நிமிடங்களில் ஓரம் தொய்ந்தது. தொய்ந்தவுடன் எடுத்துவிட வேண்டும். இதில் பி.வி.சி. கலந்திருப்பதால் கருகினால் வரும் புகை தொண்டையையும் கண்ணையும் எரிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து, அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சமைக்கும் அடுப்பில் இதைச் செய்யவே கூடாது.

அழுத்தும் சட்டத்துக்கு 12 மி.மீ. பிளைவுட் இரண்டு, அவற்றின் உட்புறம் பழைய யோகா விரிப்பை இரண்டு மடிப்பாக ஒட்டியது, நான்கு சி கிளாம்ப். அலகின்மேல் காகித நாடா இரண்டு சுற்று சுற்றினேன். இந்த நூலளவு இடைவெளி இல்லையென்றால் கத்தி உறைக்குள் ஒவ்வொரு தடவையும் தேயும். அலகின் கூர் விளிம்பை ஒட்டி ஐஸ் குச்சியின் ஒரு சீவலையும் நாடாவோடு சேர்த்து ஒட்டினேன், கூர் பிளாஸ்டிக்கைத் தொடாமலிருக்க. மரப்பிடியைப் பூட்டி, உறையின் வாய் எங்கே முடிய வேண்டும் என்று மரத்தின் முன்முனைக்கு 4 மி.மீ. முன்னால் கோடு குறித்துக்கொண்டு, மரத்தைக் கழற்றிவிட்டுத்தான் அழுத்தினேன். பிடியை மாற்றும் எண்ணம் இருப்பவர்கள் உறையைப் பிடிக்குப் பிறகுதான் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் இந்த எல்லைக்கோடுதான். வெறும் எலும்புக்கூட்டுக்குச் செய்த உறையில் மரம் ஏறிய பிறகு கத்தி முழுவதும் உள்ளே போகாது. முதல் தகட்டை அழுத்தி ஆறவிட்டு, அதன்மேல் கத்தியை வைத்து இரண்டாவதைச் சூடாக்கி அழுத்தினேன். 10 நிமிடம் கிளாம்பை அவிழ்க்கவில்லை. அவசரப்பட்டு அவிழ்த்தால் தகடு பழைய தட்டைக்கே திரும்பப் பார்க்கும்.

கத்தியை உறை பிடித்துக்கொள்வது அலகு முழுவதாலும் அல்ல. அலகும் பிடியும் சேரும் இடத்தில் விரலுக்காக வளைத்திருக்கும் பள்ளத்தில் பிளாஸ்டிக் இறங்கி நிற்பதால்தான். அந்தப் பள்ளத்துக்கு மேல் மட்டும், தகடு சூடாக இருக்கும்போதே ஒரு சிறிய ரப்பர் துண்டைக் கூடுதலாக வைத்து அழுத்தினேன். அதற்கு அருகே வரும் முதல் கண்ணி உலோகத்துக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு இறுக்கம் கூடும். நான் 5 மி.மீ. இடைவெளி விட்டேன். 6.5 மி.மீ. துளையில் பித்தளைக் கண்ணி வைத்து, விரிக்கும் உளியால் அடித்தேன். ஓரத்தை அரத்தால் சீவி, உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தபோது வெட்டுமுகம் கறுத்துப் பளபளத்தது. பிடி கீழே தொங்குவதால் முனைப் பக்கம்தான் மேலே வரும். அங்கே 4 மி.மீ. துளை ஒன்று இட்டிருக்கிறேன், தண்ணீர் வடிவதற்காக அல்ல, செம்மண் தூசி உள்ளே சேர்ந்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் ஊற்றி வாய் வழியாகக் கழுவிவிடுவதற்காக. இந்தத் தூசியோடு உறையில் போட்டு எடுத்தால் அலகு கோடு கோடாகக் கீறிவிடும்.

கயிற்றுக்கு, உள்ளே இழைகளும் மேலே பின்னிய கூடும் உள்ள பாராகார்ட் என்னும் நைலான் கயிறு வாங்கினேன், மீட்டர் 25 ரூபாய். கடையில் 550 என்று சொல்லப்படும் வகை 550 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ தாங்கும் தரத்தது. பலமான கயிறு நல்லதுதானே என்று தோன்றும். கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் கயிறு 250 கிலோ தாங்கினால், மாமரக் கிளையிலோ மோட்டார் பெல்ட்டிலோ மாட்டும்போது கயிறு அறாது, ஆள்தான் தொங்க நேரிடும். உள்ளிழைகளை உருவிவிட்டு வெறும் கூட்டை மட்டும் பயன்படுத்தினால் கழுத்தில் தட்டையாக, மென்மையாகப் படிகிறது, வியர்வையும் சீக்கிரம் காய்கிறது. ஆனால் அந்தக் கூடும் ஆள் பாரத்துக்கு அறாது. ஆகவே இழுத்தால் தானே பிரியும் பிளாஸ்டிக் கொக்கியை, பிடரிப் பக்கம் வரும்படி இணைத்தேன். விலை 15 ரூபாய். மொத்தச் செலவில் மிகச் சிறியது அதுதான், அதில்லாமல் இந்தக் கத்தியை யாரும் கழுத்தில் போடக் கூடாது என்பதில் எனக்குச் சிறிதும் மாற்றுக்கருத்து இல்லை.

இங்கேதான் இரண்டு அளவுகளும் மோதின. கயிற்றைக் கழுத்தில் இருப்பதுபோலவே வழுவழுப்பான குழாயில் மாட்டி, உறையில் வாளியைத் தொங்கவிட்டுக் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினேன். வாளியோடு சேர்த்து 6 கிலோவை நெருங்கியபோது கொக்கி பிரிந்தது. பாரத்தைக் கயிற்றின் இரு பக்கமும் பகிர்ந்துகொள்வதால் கொக்கி தனியாகத் தாங்குவது இதில் ஏறத்தாழ பாதிதான், ஆனால் கழுத்துக்கு வேண்டிய கணக்கு இந்த மொத்த எடைதான். பிறகு புது உறையிலிருந்து கத்தியை உருவ எவ்வளவு இழுவை வேண்டும் என்று தொங்கு தராசில் பார்த்தால் 5.5 கிலோ! உறை இறுக்கமாக அமைந்ததில் மகிழ்ந்திருந்தேன். இந்த நிலையில் கத்தியை வெடுக்கென்று இழுத்தால் கத்தி வருவதற்குப் பதிலாகக் கொக்கி பிரிந்து உறையோடு கையில் வந்துவிடும். அப்படியே ஆயிற்று. விரற்பள்ளத்தின் மேலுள்ள இடத்தை மட்டும் ஹீட்கன்னால் சில விநாடி காட்டி, கத்தியை உள்ளே வைத்து, கட்டைவிரலால் சிறிது வெளியே தள்ளி ஆறவிட்டேன். முதலில் 3.8, மறுபடி செய்தபோது 2.4 கிலோ. அதோடு நிறுத்திக்கொண்டேன். தலைகீழாகப் பிடித்து வேகமாக உதறினாலும் கத்தி விழவில்லை, இழுத்தால் கொக்கி அசையவில்லை. எந்தக் கொக்கியானாலும் அது பிரியும் எடையில் பாதிக்குக் கீழே உறையின் இறுக்கம் இருக்கட்டும் என்று எனக்கு நானே அளவு வைத்துக்கொண்டிருக்கிறேன். கொக்கி பழகப் பழகத் தளரும் என்பதால் மாதம் ஒருமுறை அதே வாளியில் சரிபார்க்கிறேன்.

கயிற்றின் சுற்றளவை முதலில் 82 செ.மீ. வைத்தேன். நிமிர்ந்து நிற்கும்போது வசதி, குனிந்து சொட்டுக்குழாயைப் பார்த்தால் கத்தி முன்னால் ஆடி முகத்துக்கு நேரே வந்தது. 70 செ.மீ. ஆகக் குறைத்து, பனியனுக்குள் விட்டதும் அந்தத் தொல்லை போயிற்று. மரம் ஏறும்போது கழற்றிக் கீழே வைத்துவிடுகிறேன். தோப்பை விட்டு வெளியே வரும்போதும் அப்படியே, கழுத்தில் கத்தியோடு பஸ் ஏறுவதோ கடைவீதிக்குப் போவதோ முறையல்ல.

இப்போது கத்தி 62, மரமும் திருகும் 14, உறை 28, கயிறும் கொக்கியும் 11, ஆக மொத்தம் 115 கிராம். நாள் முழுவதும் கிடந்தாலும் கழுத்து கனக்கவில்லை. கத்தியின் விலை நீங்கலாகச் செலவு: மரம் 60, திருகு ஜோடி 180, தகடு 950, கண்ணியும் அடிக்கும் உளியும் 650, கயிறு, கொக்கி இரண்டும் சேர்த்து 65, உப்புத்தாள், எண்ணெய், அசிட்டோன், கடுக்காய் எல்லாம் 280 ரூபாய். வீணான அரால்டைட் 120. ஹீட்கன் பக்கத்து எலக்ட்ரிக் கடை அண்ணனிடம் வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஆக 2,305 ரூபாய். உளியும் மீதித் தகடும் இருப்பதால் அடுத்த உறைக்கு இதில் கால்வாசிகூட ஆகாது.

அடுத்ததை எங்கள் தோப்பில் வேலை பார்க்கும் அக்காவுக்குச் செய்யப்போகிறேன். அவர் சேலைக்குமேல் ஆண் சட்டை போட்டுத்தான் வேலை செய்வார், இடக்கைப் பழக்கம் உள்ளவர். அதனால் விரற்பள்ளத்தின் மேல் கட்டைவிரல் ஊன்றித் தள்ளும் மேட்டை உறையின் மறுபக்கம் அமைக்க வேண்டும். தேக்குக்குப் பதில் புளியமர வைரம் கிடைத்தால் அதைப் போட்டுப் பார்க்க ஆசை, தேக்கைவிட இறுக்கமான மரம், ரேகை பின்னிக் கிடப்பதால் எளிதில் பிளக்காது. உறையின் இறுக்கத்தை இந்தத் தடவை கண்ணி அடிப்பதற்கு முன்பே, துளையில் தற்காலிகத் திருகு போட்டுத் தராசில் அளந்துவிடுவேன். கண்ணி அடித்த பிறகு ஹீட்கன்னால் தளர்த்தியதில் விரற்பள்ளத்தின் ஓரம் சற்று மினுமினுப்பாகிவிட்டது, அது பயன்பாட்டுக்குக் குறையில்லை என்றாலும் கண்ணுக்கு உறுத்துகிறது.